முப்பது மீற்றர்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி நடைகூடம்.
இந்தத் தொங்கலில் ஒரு செம்மஞ்சள் கூம்பு,
அந்தத் தொங்கலில் இன்னொன்று,
நடுவே முப்பது மீற்றர்.
ஆறு நிமிடம் நடக்க வேண்டும்.
ஓடக்கூடாது. கதைக்கக்கூடாது.
நிற்கலாம், சாயலாம், சுவர் இருக்கிறது.

மெலே டொங்காக்காரி, அகன்ற தோள்.
அவள் சிரித்தால் கூடமே சிரிக்கும்.
ஆனால் சோதனை நேரத்தில்
தாளில் உள்ளதைத் தவிர ஒரு சொல் பேச அனுமதியில்லை:
"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம்."
"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் நான்கு."
மணிக்கூட்டுக்கு வாய் முளைத்தது போல.

முடிவில் ஓர் அட்டையை நீட்டினாள்.
இளைப்புக்கு இலக்கம் சொல்ல வேண்டுமாம்.
பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை,
பத்து என்றால் இதற்குமேல் இல்லை.
பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மட்டும்
ஓர் அரை.
எனக்குத் தெரிந்த மூச்சு
வாங்கும், இரைக்கும், முட்டும், திணறும்;
அதற்கு யாரும் இலக்கம் போட்டதில்லை.
ஆறு என்றேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு மீற்றர் என்று எழுதிக்கொண்டாள்.

நுரையீரலில் குறுமணிகள், டொக்டர் சொன்னார்,
தினையளவுகூட இல்லை.
ஏன் வந்தது? தெரியாது.
போய்விடுமா? போகலாம்.
சார்கொய்டோசிஸ் என்று
இரண்டு தரம் எழுதிக் காட்டினார்.
தர்மினி மூன்றாம் தரமும் கேட்டாள்:
"கசம் இல்லைத்தானே?"
இல்லை. ஒட்டாது.
என்றாலும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதே என்றேன்.
சொல்லிவிட்டு இருவரும் சிரித்தோம்.
என் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிறகு வீட்டில் நான் கண்ணாடிச் சாமான்.
அரிசி மூட்டை மகன் கையில்,
குப்பை வாளி மகள் கையில்,
சப்பாத்து நாடா கட்டக் குனிந்தாலும்
ஐயோ, இருங்கோ, இருங்கோ.
இருந்தேன்.
பிரெட்னிசொலோன் முகத்தை ஊதவைத்தது.
கதிரை காலைத் தின்றது.

செவ்வாயும் வெள்ளியும், எட்டு வாரம்.
லாயிட்டுக்குக் கண்ணிலும் அந்த மணிகள்;
கறுப்புக் கண்ணாடியோடு
எந்த ஊருக்கும் போகாத சைக்கிளை மிதிப்பான்.
மிர்யானா இரண்டு கிலோவைத் தூக்கித் தூக்கிக்
குரோவாசிய மொழியில் ஏசுவாள்,
எட்டாம் தரம் வசவு கொஞ்சம் நீளும்.
எனக்கு ஒரு படி. ஒரேயொரு படி.
ஏறு, இறங்கு, ஏறு.
கதைக்க முடிய வேணும், பாட முடியக்கூடாது,
அதுதான் அளவு என்றாள் மெலே.
நான் எப்போதுமே பாட முடியாதவன் என்றேன்.
விரலைக் கவ்விய பெட்டியில்
தொண்ணூற்று நான்கு, தொண்ணூறு, எண்பத்தெட்டு.
நில்.
கொதிக்கிற தேத்தண்ணியை ஆற்றுவதுபோல
உதட்டைக் குவித்து ஊது.
ஊதினேன்.
தொண்ணூற்றிரண்டு.

நான்காம் வாரம் போகவில்லை.
நித்திரை தீர்க்காத களைப்பு அது,
எலும்புக்குள் ஈரமணல் நிரப்பியது போல.
தபால் பிரிக்கும் இரவு வேலைக்கும் போகவில்லை.
தொலைபேசியில் மெலே ஏசவில்லை:
"கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்புங்கள், இன்றைக்கு அது போதும்."
மூன்று தரம் எழும்பினேன்.
ஐந்து என்று சொன்னேன்.

எட்டாம் வார முடிவில் அதே கூம்புகள், அதே தாள்.
முன்னூற்று நாற்பத்தெட்டு.
முப்பத்தாறு மீற்றர் கூட.
அது எவ்வளவு என்று தர்மினி கேட்டாள்.
பென்டில் ஹில்லில், எங்கள் வீட்டுப் பின்கதவில் தொடங்கி
காலால் அளந்து பார்த்தோம்:
கராஜைத் தாண்டி, கடிதப் பெட்டியைத் தாண்டி,
வியட்நாம்காரரின் எலுமிச்சை மரம் வரை.
அங்கே நின்று ஒன்றும் பேசாமல்
திரும்பி வந்தோம்.

படத்தில் மணிகள் அப்படியே இருக்கின்றன.

அன்றிரவு குப்பை வாளியை ஒருவரும் தொடவில்லை.
மகள் எழுந்தாள்; தாய் கண்ணால் இருத்தினாள்.
நான் இழுத்துப் போனேன்.
தெருவெல்லாம் கேட்கச் சில்லு கடகடத்தது.
யன்னலுக்குள் இருந்து குரல்:
"எத்தனை?"
"நாலு."
"பொய்."
உதட்டைக் குவித்து ஒருதரம் ஊதிவிட்டு,
அட்டையில் இல்லாததைச் சொன்னேன்:
"நாலரை."